இருபத்தோரு மில்லிமீட்டர்

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. காகிதத்தை நான்காக மடித்துக் காலுக்கு அடியில் கொடுத்தால் சரியாகிவிடும். இருங்கள், நானே வைக்கிறேன். எதுவும் கோணலாக இருந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஆஸ்பத்திரி லேபில் எனக்கு ‘மில்லிமீட்டர்’ என்றே பட்டப்பெயர்.

என் வேலை எளிதானது. நோயாளியின் சீழோ ரத்தமோ வரும். அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்தில் ஊறிய குட்டிக் காகித வில்லைகளை வைப்பேன். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி செத்து வெற்று வளையம் விழும். அதை அளந்து, எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று எழுத வேண்டும். முன்பெல்லாம் பாதிக்கு மேல் கேட்கும். இப்போது கிருமிகள் எதற்கும் மசிவதில்லை. சளிக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கிவிட்டு இரண்டே நாளில் நிறுத்திவிடுகிறார்கள். அது என் குற்றமில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் விசாரிக்கும் ரிப்போர்ட்டுகளில் முதலாவது, ஒரு பஸ் டிரைவரின் மனைவியுடையது. பிரசவத்துக்கு ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. அவன் காலையிலிருந்து என் ஜன்னலை விட்டு நகரவில்லை.

“அண்ணா, ஏதாவது ஒரு மருந்து கேக்கும்னு சொல்லுங்கண்ணா. கொழந்தைய அவ இன்னும் கையில கூட தூக்கல.”

தட்டில் பன்னிரண்டு வில்லைகள். ஒன்றைச் சுற்றியும் வளையம் இல்லை. எதுவும் கேட்காது என்று எழுதினால் அவளைத் தனியறைக்கு மாற்றுவார்கள். பூட்டி வைத்திருக்கும் கடைசி மருந்தை எடுப்பார்கள். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பாதிப் பேர்தான் தேறுவார்கள். அவன் முகத்தைப் பார்த்தேன், மனசு வரவில்லை. ஒன்பதாவது மருந்துக்கு நேராக ‘கேட்கும், 21 மி.மீ.’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“நீங்க நல்லா இருக்கணும்ணா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். இருபது வருடத்தில் அந்த ஜன்னலுக்கு வெளியே இருந்து எனக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆறாம் நாள் அவள் போய்விட்டாள்.

“மருந்து கேக்கும்னுதானே ரிப்போர்ட் வந்துச்சு? ஒடம்பு தாங்கல போல” என்றார் டாக்டர்.

என்னை யாரும் சந்தேகிக்கவில்லை. எனக்குத்தான் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சோப்பு தீரும்வரை கை கழுவினேன். ஆனால் அந்த ஆறு நாளும் அவர்கள் குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்கள். அது சின்ன விஷயமா, சொல்லுங்கள்.

அவளைத் தனியாக வைக்காததால்தான் பக்கத்துக் கட்டில்களுக்குப் பரவியது என்கிறீர்கள். இருக்கலாம். அடுத்து ஒரு தையல்காரி, பிறகு ஒரு கணக்கு டீச்சர், கல்லூரியில் சேர இருந்த ஒரு பெண். ஒவ்வொருவருக்காகவும் ஜன்னலில் ஒரு முகம் வந்து நின்றது. ஒவ்வொரு தடவையும் எழுதிக் கொடுத்தேன். அளவை மட்டும் மாற்றினேன், பத்தொன்பது, இருபத்திரண்டு என்று. ஒரே எண் என்றால் யார் கண்ணிலாவது படும். உங்கள் தாளில் இறந்தவர்கள் பதினேழு பேர் என்று இருக்கிறது. தப்பு. இருபது பேர். எண்ணிக்கையில் நான் பிசகுவதில்லை.

அந்த மின்விசிறியை நிறுத்துங்களேன், சத்தம் தாங்கவில்லை.

ஆமாம், என் மனைவியும் அதே வார்டில்தான் இருந்தாள். பித்தப்பைக் கல்லுக்காகப் போனவள், அதே கிருமியைப் பிடித்துக்கொண்டாள். அவள் ரிப்போர்ட் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? அதில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். பன்னிரண்டும் கேட்காது. மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு ஓடினேன். தனியறைக்கு மாற்ற வைத்து, அந்தக் கடைசி மருந்து ஏறும்வரை அங்கேயே நின்றேன். அவள் தேறிவிட்டாள். நேற்று யார் துணையும் இல்லாமல் மாடிப்படி ஏறினாளாம்.

மற்றவர்களுக்கெல்லாம் கொடுத்த நிம்மதியை அவளுக்கு மட்டும் என்னால் கொடுக்க முடியாமல் போயிற்று. அது ஒன்றுதான் எனக்கு உறுத்தல்.