பின்வாசல் வழியாக வளர்ந்த விமான நிலையம்

சுப்பண்ணன்: ...மெதுவாப் பேசு கண்ணு. கம்பெனி பேரு தெரியற மாதிரியா அடுக்கி வெப்பாங்க? திருப்பி வெய்யி. செவுத்தப் பாத்தாப்ல இருக்கட்டும்.

இசக்கிமுத்து: அண்ணாச்சி, உங்க இருவது பனியன் பெட்டியும் ஸ்கேனுக்கு உள்ள போயிட்டு. இனி எந்தச் செவரையும் பாக்காது.

சுப்பண்ணன்: அப்ப நான் கெளம்பட்டுமா?

இசக்கிமுத்து: எங்க கெளம்புதிய? ஸ்கேன் முடிஞ்சதும் மொதலாளி நேர்ல நின்னு கையெழுத்துப் போடணும். போடலன்னா பெட்டி கீழ இருக்கும், பிளேன் மேல போயிரும்.

சுப்பண்ணன்: கூடவே என்ற கம்பெனியும் மேல போயிரும். தூத்துக்குடில கப்பலு போன வாரமே போயிருச்சு. இன்னைக்குச் சரக்கு ஏறலீன்னா ஜெர்மன்காரன் ஆர்டரையே கேன்சல் பண்ணீருவான்.

இசக்கிமுத்து: ஏன் இம்புட்டு லேட்டு?

சுப்பண்ணன்: சத் பூஜைக்கு ஊருக்குப் போன பீகார் பசங்க வந்து சேருல. போன் பண்ணுனா, 'டிக்கெட் நஹி சேட்'டுங்கறான். பின்னால கல்யாண மேளம் கேக்குது.

இசக்கிமுத்து: சரி, அதுக்கு எதுக்குத் தலையில துண்டு? ஏர்ல அனுப்புதது என்ன கொலக்குத்தமா?

சுப்பண்ணன்: நீ தெக்கத்திக்காரன், உனக்குத் தெரியாது. எங்கூர்ல சரக்கு கப்பல்ல போனா வியாபாரம். ஏர்ல போனா எழவு. கெடு தவறிப்போயி, கைக்காசப் போட்டு அனுப்பறான்னு அர்த்தம். 'சுப்பண்ணன் ஏர்ல அனுப்பறானாம்'னு ஒருத்தன் டீக்கடையில சொன்னாப் போதும். நூல்காரன் நூல் தரமாட்டான். பொண்ணு ஊட்டுக்காரன் பொண்ணு தரமாட்டான்.

இசக்கிமுத்து: பொண்ணு எங்கருந்து வந்துச்சு இதுல?

சுப்பண்ணன்: வர்ற வெள்ளிக்கெழம என்ற பையன் சுரேந்தருக்கு உப்புச்சக்கரை மாத்தறம். நிச்சயதார்த்தம்னு வெச்சுக்க. பொண்ணோட அப்பன் ராஜவேலு இருக்காரே... போன வருசம் வந்த ஒரு நல்ல சம்பந்தத்தயே, மாப்பிள்ள ஊட்டுச் சரக்கு ஏர்ல போச்சுன்னு வேண்டாம்னுட்ட மனுசன்.

இசக்கிமுத்து: உசரமா... வெள்ளச் சட்டையா... கண்ணாடி நெத்தியில ஏறிக் கெடக்குமா?

சுப்பண்ணன்: ஆமா. உனக்கெப்புடித் தெரியும்?

இசக்கிமுத்து: உங்க முதுகுக்குப் பின்னாடி வாராவ.

ராஜவேல்: ஏனுங்க சம்பந்தி! நீங்க எங்கீங்க இங்க?

சுப்பண்ணன்: அட... வாங்க, வாங்க! நானுங்களா? நான் இந்த... ஏர்போர்ட்டு... வரலாறுங்க.

ராஜவேல்: வரலாறுங்களா?

சுப்பண்ணன்: ஆமாங்க. விமான நிலையக் கோரிக்கைக் குழுவுக்கு நாந்தானுங்களே செயலாளரு. விழா மலர் ஒண்ணு போடறமுங்க. வெள்ளைக்கரடு ஏர்போர்ட்டு வளந்த கதை. சும்மா ஊட்டுல உக்காந்து எழுதப்படாது பாருங்க.

ராஜவேல்: அதுக்கு கார்கோ ஷெட்டுக்கா வருவாங்க?

சுப்பண்ணன்: முன்னாடி பூராம் நேத்துத்தானுங்க பெயிண்ட் அடிச்சாங்க. வரலாறெல்லாம் பின்னாடிதான் கெடக்குது. அது சரி, நீங்க எங்க இந்தப் பக்கம்?

ராஜவேல்: நானா? சும்மாங்க... விசாரிக்க.

சுப்பண்ணன்: எ... என்னத்தைங்க விசாரிக்க?

ராஜவேல்: பொதுவா.

இசக்கிமுத்து: இங்க வாரவங்க எல்லாரும் பொதுவாத்தான் வருவாவ. பெட்டி மட்டுந்தான் காரியமா வரும்.

சுப்பண்ணன்: தம்பி நெம்பத் தமாசுங்க. அதுக்கு வேலை கெடக்கு, போகட்டும். சம்பந்தி, வெயிலு கொளுத்துது. விசாரிச்சாச்சுன்னா நீங்க ஊட்டுக்குப் போலாமுங்களே?

ராஜவேல்: நான் மெதுவா விசாரிச்சுக்கறனுங்க. உங்களுக்கு எழுதற வேலை இருக்குது. நீங்க கெளம்புங்க.

சுப்பண்ணன்: இல்லீங்க, பெரியவங்க நீங்க நிக்கறப்ப நான் எப்புடிப் போறது?

ராஜவேல்: மாப்பிள்ள ஊட்டுக்காரங்க நிக்கறப்ப நான் போனா மரியாதையாங்க?

இசக்கிமுத்து: ரெண்டு பேருக்கும் நாற்காலி போடட்டுமா?

ராஜவேல்: போடு தம்பி. சம்பந்தி, அந்த வரலாறச் சொல்லுங்க, கேப்பம். எப்புடியும் பிளேன் மூணரைக்குத்தானே.

சுப்பண்ணன்: நேரமெல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்கறீங்க...

ராஜவேல்: பொதுவாத் தெரியுமுங்க. சொல்லுங்க.

சுப்பண்ணன்: வந்துங்க... இது வெள்ளக்காரன் யுத்தத்துக்குன்னு போட்ட ஓடுதளம். அவன் போட்டு முடிச்சான், யுத்தமும் முடிஞ்சுது. ஒத்தப் பிளேனும் எறங்குல. அப்பறம் ரெண்டு தலமொறைக்கு மக்காச்சோளம் காயப்போட்டாங்க.

ராஜவேல்: நானே இங்கதானுங்க காரு பழகுனேன்.

சுப்பண்ணன்: ஊரே இங்கதான் பழகுச்சு. அதனாலதான் இன்னைக்கும் நம்மாளுங்க தாராபுரம் ரோட்டுல, எதுக்க ஆருமே வரமாட்டாங்கன்னு நெனச்சு ஓட்டறாங்க.

ராஜவேல்: அப்பறம் உங்க குழு வந்துச்சு.

சுப்பண்ணன்: வந்துச்சுங்க. மொத வேலையா டெல்லிக்கே போயி மனு குடுத்தம். அந்த ஆபீசரு கேட்டாரு, 'எதுல வந்தீங்க?' ரயில்லீங்க. 'சவுகரியமா இருந்துச்சா?' நல்லாத் தூங்குனமுங்க. 'அப்பறம் எதுக்கு ஏர்போர்ட்டு?'ன்னுட்டாரு. அதுலயே பத்து வருசம் போச்சு.

ராஜவேல்: தூக்கமே வருலீன்னு சொல்லியிருக்கோணும்.

சுப்பண்ணன்: ரெண்டாந்தடவ அதைத்தான் சொன்னம். அடிக்கல் நட்டாங்க. ஆட்சி மாறுச்சு, பக்கத்துல இன்னொண்ணு. மறுக்கா மாறுச்சு, மூணாவது. கல்லு மூணும் தோதா இருக்குதுன்னு தை மாசம் ஆரோ அதுல பொங்கலே வெச்சுட்டுப் போயிட்டாங்க.

இசக்கிமுத்து: அண்ணாச்சி, ஸ்கேன்ல பாதி முடிஞ்சிட்டு...

சுப்பண்ணன்: எந்த ஸ்கேனு? எங்களுக்கென்ன அதெல்லாம்? ஆருதோ பெட்டி!

ராஜவேல்: ஆருதோ பெட்டி. நமக்கென்னுங்க.

சுப்பண்ணன்: ...ஆமாங்க. அப்பறம் எங்க விட்டேன்?

ராஜவேல்: பொங்கல்ல.

சுப்பண்ணன்: ஆங். அப்பறம் ஓடுதளத்த நீட்டோணும்னாங்க. அந்தக் கடேசீல பெரியாத்தாங்கற ஒரு அம்மாவோட எருமைக் கொட்டாயி. அந்தம்மா தரமாட்டேன்னுட்டாங்க. பிளேனு வேணும்னா எருமையத் தாண்டி எறங்கட்டும்னாங்க. அதனால சின்னப் பிளேனு மட்டுந்தான் வருது. எருமையக் கட்டியாச்சான்னு கேட்டுட்டுத்தான் எறக்குவாங்க.

ராஜவேல்: இப்பவுமா?

இசக்கிமுத்து: இப்பமும். நாந்தான் போன் பண்ணுதேன். சில நேரம் எடுக்க மாட்டாவ. பிளேன் மேலயே ரெண்டு சுத்துச் சுத்தும்.

ராஜவேல்: ஏந்தம்பி, இன்னைக்குக் கட்டியாச்சா?

இசக்கிமுத்து: கட்டியாச்சு.

ராஜவேல்: அப்பாடா.

சுப்பண்ணன்: உங்களுக்கு எதுக்குங்க சம்பந்தி அப்பாடா?

ராஜவேல்: எருமை மேல இரக்கந்தானுங்க. மேல சொல்லுங்க.

சுப்பண்ணன்: ஏர்போர்ட்டு தொறந்தாங்க. ஒரே கூட்டம். கட்டுச்சோத்த எடுத்துக்கிட்டு வந்து பிளேனப் பாத்துட்டு, காருல ஏறி ஊடு போயிச் சேந்தாங்க. ஏறுனது நாலு பேரு. அதுல மூணு பேரு எங்க குழு.

ராஜவேல்: நீங்களுமா?

சுப்பண்ணன்: செயலாளரு கீழ நின்னு கொடியசைக்கோணுமுங்க. அப்பறம்... கார்கோ ஷெட்டுத் தொறந்தாங்க. நம்ம பனியன் எல்லாம் இங்கிருந்தே ஐரோப்பாவுக்குப் போகும்னு நான் மேடையில ஒரு மணி நேரம் பேசுனேன்.

ராஜவேல்: கேட்டனுங்க. நெம்ப நல்லாப் பேசுனீங்க. எத்தன கம்பெனி அனுப்புனாங்க?

சுப்பண்ணன்: ஒருத்தரும் அனுப்புல.

இசக்கிமுத்து: மொத வருசம் பூரா நான் இங்க ஈ ஓட்டினேன். ஷெட்டு வாசல் ரோட்டு மேலயே இருந்துச்சு பாத்துக்கிடுங்க. எந்த மொதலாளி வண்டி உள்ள வருதுன்னு எதுத்த டீக்கடையில உக்காந்து எல்லாரும் பாத்தாவ. பொறவு ஒரு அண்ணாச்சி யோசன சொன்னாவ. பின்பக்கம் தென்னந்தோப்புக்குள்ள ஒரு வாசல் வைக்கச் சொல்லி.

சுப்பண்ணன்: ...இது மலருக்கு வேண்டாம் கண்ணு.

இசக்கிமுத்து: வாசல் வச்சோம். மறுவாரமே வண்டி நிக்க எடமில்ல. சோமனூர்லருந்துலாம் வாராவ. ஏர்போர்ட்டு வளந்ததுன்னா அந்த வாசல் வழியாத்தான் வளந்துச்சு. இதெல்லாம் மேடையில பேச மாட்டாவ.

ராஜவேல்: அப்பேர்ப்பட்ட பொழப்பு எங்களுக்கு வேண்டாஞ்சாமி. எங்க கம்பெனில ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒரு பெட்டி ஏர்ல போனதில்ல.

சுப்பண்ணன்: ...எங்களுதுலயுந்தானுங்க.

ராஜவேல்: அதுனாலதானுங்க உங்க ஊட்டுல பொண்ணு குடுக்கறதே. எங்க யாழினிகிட்டயும் சொல்லிப்போட்டேன். கெடு தவறாத குடும்பம்னு.

சுப்பண்ணன்: நெம்ப... சந்தோசமுங்க.

ராஜவேல்: என்னுங்க இப்புடி வேர்க்குது உங்களுக்கு?

சுப்பண்ணன்: தகர ஷெட்டுங்களே. உங்களுக்குந்தான் சட்டை நனஞ்சு கெடக்குது.

ராஜவேல்: தகர ஷெட்டுதானுங்களே.

இசக்கிமுத்து: ஸ்கேன் முடிஞ்சிட்டு! பெட்டிக்காரங்க வந்து கையெழுத்துப் போடணும்!

சுப்பண்ணன்: ஆரோ பாவம். டீ குடிக்கப் போயிருப்பாங்க.

ராஜவேல்: வருவாங்க, வருவாங்க. அவசரமென்ன.

இசக்கிமுத்து: பைலட்டு இஞ்சின் போட்டுட்டாரு. எருமையும் ரொம்ப நேரம் கட்டுல நிக்காது. யாரும் வரலன்னா பெட்டிய எறக்கிருதேன்.

சுப்பண்ணன்: எறக்காத!

ராஜவேல்: எறக்காத தம்பி!

இசக்கிமுத்து: ஏன்?

சுப்பண்ணன்: ஒரு... இரக்கந்தான்.

ராஜவேல்: எனக்கும் அதானுங்க. ஆரோ ஒருத்தர் பொழப்பாச்சே.

இசக்கிமுத்து: இரக்கப்பட்டா பிளேன் நிக்காது. லே, அந்த டிராலிய வெளிய இழு! பெட்டி பூராத்தையும் எறக்கு!

சுப்பண்ணன்: நில்லு! நில்லு கண்ணு... சம்பந்தி, என்னைய மன்னிச்சுருங்க. மலருமில்ல, மண்ணுமில்ல. இருவது பெட்டி என்னுது. கப்பல விட்டுட்டேன். நூத்தியிருவது டெய்லரு என்னைய நம்பி இருக்கறாங்க. இந்த ஆர்டரு போச்சுன்னா அத்தன பேரையும் ஊட்டுக்கு அனுப்போணும். அந்தப் பின்வாசல் யோசன சொன்ன ஆளும் நாந்தான். நீங்க வெள்ளிக்கெழமைக்கு வரலீன்னாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க. ஆனா சுரேந்தருக்கு எதுவுந் தெரியாது. உங்க பொண்ணு மேல உசுரா இருக்கறான். அவனை மட்டும் தப்பா நெனச்சுறாதீங்க. கண்ணு, எங்க போடோணும்?

இசக்கிமுத்து: இந்தா, இதுல. சட்டுனு போடுங்க.

சுப்பண்ணன்: போட்டுட்டேன். சம்பந்தி... ஏதாச்சும் பேசுங்க. திட்டவாச்சும் செய்யுங்க. இப்புடி எந்திரிச்சு பக்கத்துல வந்து நின்னீங்கன்னா...

ராஜவேல்: போட்டாச்சுன்னா கொஞ்சம் நவுந்து நில்லுங்க சம்பந்தி. மிச்ச முப்பத்தஞ்சு பெட்டி என்னுதுங்க.