கயிறு பிடிக்கிறவன்

— செத்துப் போயிருப்பேம்லே!

— போகலையே.

— பெவின், கேளுலே. நான் இடுப்புல கயித்தக் கெட்டிக்கிட்டு, மூச்சப் பிடிச்சிக்கிட்டு, கிட்டார் வாசிக்கேன். முடியலன்னா கயித்த ஆட்டுவேன். அந்த முனையப் பிடிச்சிருக்க நீ இழுக்கணும். நீ இழுத்தாத்தான் நான் மூச்சு விடலாம். இதுல எது உனக்கு வெளங்கல?

— நான் தாளம் எண்ணிக்கிட்டு இருந்தேன், ஜாபேஸ். ட்ரம்ஸ் வாசிக்கவன் எண்ணத்தான செய்வான்.

— அந்த எடத்துல ட்ரம்ஸே கெடையாதுலே!

— கைதான் சும்மா இருக்கு. மண்டை எண்ணும். எனக்கென்ன, இன்னொரு வாட்டி போடு.

— ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறியளா? மூணு டேக் போச்சி. மூணுலயும் கடைசில கேக்கது ஜாபேஸ் இருமுறது மட்டுந்தான். இத வச்சிப் பாட்டு போட முடியாது. இருமல் மருந்துக்கு விளம்பரம் போடலாம்.

— ஏளா ஷெர்லின், அந்த இருமல அழிச்சிராத. பின்னால எங்கனயாவது ஒதவும்.

— அண்ணே, நீ பேசாத. ஜாபேஸ், நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு. மூச்சு முட்டுற மாதிரி நடிச்சா ஆவாதா? இருமல நான் கம்ப்யூட்டர்ல வெட்டிருவேன்.

— ஆவாது. கேளு, ஷெர்லின். இது முத்துக்குளிக்கப் போறவன் பாட்டு. கல்லுல கால வச்சிக் கடலுக்குள்ள எறங்குதான், அது ஒரு பாகம். அடியில கெடந்து சிப்பி பொறுக்குதான், அது ஒரு பாகம். மேல வாரான், அது ஒரு பாகம். அடியில கெடக்கும்போது மூச்சு முட்டணும். முட்டுனாத்தான் வெரல் நடுங்கும். அந்த நடுக்கம் எந்த மெஷின்லயும் வராது.

— கரைக்கு வந்து சோறு திங்கது எத்தனாவது பாகம்?

— அது கெடையாது, பெவின்.

— சோறே திங்காம எதுக்குலே பன்னெண்டு நிமிசப் பாட்டு?

— ரெண்டு வருசமா எழுதுன பாட்டுலே இது!

— தெரியும். கூடத்தான இருந்தேன். அலைச் சத்தம் வேணும்னு பழைய துறைமுகத்துல போயி மைக்கப் பிடிச்சிக்கிட்டு நின்னோம். அலை கேக்கல, லாரி ஹாரன்தான் கேட்டுச்சி. அதையும் பாட்டுல வச்சிட்ட. கடலுக்கு அடியில லாரி போவுது.

— அது குறியீடு.

— சரி. எனக்கென்ன. நான் ஒண்ணு சொல்லுதேன். கீபோர்டு இசக்கிராஜா வெளிய வண்டியில ஒக்காந்து போன் பாக்கான். வயக்காட்டுக்காரன், மாடு பிடிச்ச கை. அவன் கயித்தப் பிடிக்கட்டும்.

— அவன் வேண்டாம். நீதான் பிடிக்கணும்.

— ஏன்?

— அது… டோன்.

— கயித்துக்கு என்னலே டோன்?

— அண்ணே, கேக்குதா? பக்கத்துல ஐஸ் ஒடைக்க மெஷினப் போட்டுட்டாவ. இனி ஒரு நோட்டும் எடுக்க முடியாது. ஐஸ் ரூம்ல ரெக்கார்டிங் வச்சா இப்படித்தான்.

— சுவரு பூரா தெர்மாகோல், ஷெர்லின். இந்த மாதிரி ரூமுக்குச் சென்னையில எம்புட்டு வாடகை தெரியுமா?

— சென்னையில நெத்திலி வாடை வராது, ஜாபேஸ். அண்ணே, நீ போயி ஐஸ் கம்பெனி ஆவுடையப்பன் அண்ணாச்சிட்டச் சொல்லு. பத்து நிமிசம் நிறுத்தட்டும்.

— போறேன். கயித்த அவுத்துராதியும் பாடகரே. அது ஒரு முடிச்சி போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— …போயிட்டானா?

— போயிட்டான். இந்தாங்க, சுக்குக்காப்பி குடிங்க. மூஞ்சி நீலம் பாஞ்சி கெடக்கு.

— ஷெர்லின், உங்க அண்ணனுக்கு நெசமாவே புரியலையா?

— எப்படிப் புரியும்? மாத்தி எடுத்துட்டுப் போன சோத்துப் பாத்திரத்தையே ஒரு வாரம் கழிச்சித்தான் கண்டுபிடிப்பான்.

— அவன் சொன்னதுதான எல்லாம்! முத்துக்குளிக்க எறங்குறவனுக்குக் கயிறு பிடிக்கவன், அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவனாத்தான் இருப்பான்னு. வேற ஆள நம்ப முடியாது, ஆனா தங்கச்சி தாலிக்குப் பயந்தாவது மச்சினன் ஒழுங்கா இழுப்பான்னு. திரேஸ்புரத்துல தோணி மேல ஒக்காந்து அவன் இதச் சொன்னப்பதான் எனக்குப் பாட்டே வந்துச்சி.

— அதுக்காவ? எங்கண்ணன் கையில கயித்தக் குடுத்துட்டு, அவனாப் புரிஞ்சிக்கிடுவான்னு நெனச்சீங்களா?

— பாட்டு முடிஞ்ச பெறவு கேட்டுப் பாக்கச் சொல்லலாம்னு இருந்தேன். அந்தக் கடைசிப் பாகத்தக் கேட்டா கல்லும் கரையும்.

— எங்கண்ணன் கல்லு இல்ல. ட்ரம்ஸ் வாசிக்கவன். வாயத் தொறந்து நேராக் கேட்டா என்ன?

— கேட்டு அவன் முடியாதுன்னுட்டா? அஞ்சாப்புல இருந்து ஒரே பெஞ்சு, ஷெர்லின். நீயும் போவ, அவனும் போவான், பேண்டும் போவும். திங்கக்கெழம நான் கப்பல் வேலைக்கு ஏறணும். ஒம்பது மாசம் தண்ணி மேல ஒத்தையில ஒக்காந்து அத நெனச்சிக்கிட்டே இருக்கணும்.

— ஞாயித்துக்கெழம வீரபாண்டியன்பட்டணத்துலருந்து என்னையப் பொண்ணு பாக்க வாராவ. மாப்பிள்ளைக்கு துபாய்ல வேலை. நான் தட்டத் தூக்கிக்கிட்டு நிக்கேன். நீங்க தண்ணி மேல ஒக்காந்து கிட்டார் வாசியுங்க.

— கோவப்படாத.

— பன்னெண்டு நிமிசம் எழுதத் தெரியுது. ஒரு வரி சொல்லத் தெரியல.

— வாரான், வாரான்.

— சொல்லியாச்சி. அண்ணாச்சி மெஷின நிறுத்திட்டாரு. வெளிய மீன் லாரி நிக்கி, சீக்கிரம் முடிக்கச் சொன்னாரு. என்ன பாட்டுன்னு கேட்டாரு. மூச்சு முட்டுற பாட்டுன்னேன். உங்க பாட்டு எல்லாம் அப்படித்தானடேன்னுட்டாரு.

— அண்ணே, எடத்துல போயி ஒக்காரு. கயித்தப் பிடி. ஜாபேஸ், நீ ரெடியா? பேசாதிய. நாலாவது டேக். ரெக்கார்டிங் போவுது.

— …

— அண்ணே.

— ம்.

— கயிறு ஆடுது.

— பாக்கேன்.

— மறுபடியும் ஆட்டுதாரு, இழு! ஒதடு கறுக்குது! அண்ணே, அவர இழுண்ணே!

— அவருன்னா யாரு?

— ஹா… ஹா… மாதாவே! கொல்லப் பாக்கியாலே!

— பாத்து விழு, ஜாபேஸ். கிட்டார் ஒடைஞ்சிரும்.

— கயிறு ஆடுனது தெரிஞ்சிதா இல்லையா உனக்கு?

— மொத டேக்லயே தெரிஞ்சிது. நாலு வாட்டியும் தெரிஞ்சிது.

— பெறவு ஏம்லே இழுக்கல?

— நீ கேக்கல.

— ஆட்டுனேனே!

— கயித்த ஆட்டுன. வாயத் தொறந்து கேட்டியா? கயிறு பிடிக்கவன் யாருன்னு உனக்குச் சொன்னவனே நான்தான். அத என்கிட்டயே பாட்டா எழுதிக் கொண்டாந்து, முனையக் கையில குடுத்துப் பிடின்னு சொல்லுத. போன வாரம் இதே ரூம்ல ஷெர்லின் எனக்குக் காப்பி குடின்னா, வாய் தவறி உனக்குக் குடிங்கன்னா. நான் ட்ரம்ஸ்தான் வாசிக்கேன். காது கேக்கும்.

— அப்ப நாலு டேக்கும் வேணும்னே கெடுத்தியா?

— நீ பன்னெண்டு நிமிசம் சுத்தி வாரல்லா. நான் உன்னையக் கொஞ்சம் அடியில கெடக்க வச்சேன்.

— அண்ணே, அவரு செத்திருந்தா என்ன செஞ்சிருப்ப?

— செத்திருந்தா இழுத்திருப்பேன். ஏலே, கேக்கப் போறியா இல்லையா? அண்ணாச்சி மெஷினப் போட்டுருவாரு.

— பெவின்… வந்து… ஷெர்லின…

— மைக்குல பேசுத மாதிரிப் பேசுலே. காதுல விழல.

— ஷெர்லினக் கெட்டிக்கிடணும்னு ஆசப்படுதேன். நீதான் உங்க வீட்ல பேசணும். முடியாதுன்னா இப்பவே சொல்லிரு, கயித்த அவுத்து வச்சிட்டுப் போயிருதேன்.

— ம். ஷெர்லின், ரெக்கார்டிங் நிறுத்திட்டியா?

— இல்லண்ணே. ஓடிக்கிட்டுதான் இருக்கு. நான் அழுததும் அதுல விழுந்திருக்கும்.

— விழட்டும், நிறுத்தாத. ஞாயித்துக்கெழம வாரவியள வர வேண்டாம்னு நேத்தே அம்மாட்டச் சொல்லி போன் போட வச்சாச்சி. ஏலே, கயித்த இறுக்கிக் கெட்டு, மூச்சப் பிடி, இந்த வாட்டி இழுக்கேன்.