பக்கத்துக் கட்டம்

காபியை ஆறவிடாமல் குடியுங்கள், மாமா. இசைவாணி இருந்திருந்தால் இந்நேரம் அதட்டியிருப்பாள்.

வலங்கைமான் சென்டரில் நான் என்ன சொல்லிக்கொடுக்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. மருமகன் ஏதோ கம்ப்யூட்டர் வாத்தியார், அவ்வளவுதான் உங்களுக்கு. ஒரு வெப் பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் ஒரு நோடு. அதன் பெயர் என்ன, உள்ளே என்ன எழுதியிருக்கிறது, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரிப்ட், அதாவது நாலு வரிக் கட்டளை, எழுதிக் கேட்டால் சொல்லும். ஆனால் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விட்ட இடைவெளியும் அதற்கு ஒரு நோடுதான். புதிதாகப் படிக்கிறவர்கள் பக்கத்துக் கட்டத்தைக் கேட்பதாக நினைத்து, அந்த வெற்றிடத்தை வாங்கிக்கொண்டு விழிப்பார்கள். முதல் வாரமே இதைச் சொல்லிவிடுவேன்.

நர்ஸ் வேலைக்கான பட்டியல் வந்தபோது இசைவாணியின் போனில் அந்தப் பக்கம் திறக்கவே இல்லை. நான் சென்டரில் திறந்தேன். தேர்வானவர்களின் எண்ணுக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஊர்ப் பெயர் இருக்கும், மற்றவர்களுக்குக் காலியாக இருக்கும். அவள் எண்ணைத் தேடிப் படிக்க ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓசூர் என்று வந்தது.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மாமா. அவள் இல்லாத வீட்டுக்குள் எப்படி நுழைவேன் என்றுதான் தோன்றியது. ஸ்கிரிப்டில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன், அது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு நடுவிலிருந்த இடைவெளியைப் படித்தது. பிறகு அவளை வரச்சொன்னேன்.

“நல்லாப் பாருங்க. ஒண்ணுமே இல்லியா?” என்றாள்.

“நீயே பாரேன்,” என்றேன். நான் பொய் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் படித்ததைத்தான் காட்டினேன்.

தேம்பித் தேம்பி அழுதாள். நான்தான் தலையைக் கோதிவிட்டேன். விண்ணப்பத்தில் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்; வேலையில் சேரச் சொல்லி அதற்கு வந்த மெசேஜையும் அழித்தேன். கெடு முடிந்தது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் நீங்கள் திண்டாடியபோது, “சும்மாதானே இருக்கேன், நானும் வர்றேம்ப்பா” என்று உங்களோடு கிளம்பிவிட்டாள். நாற்று முடியோடு சேற்றில் நின்றவள்மேல் இடி விழுந்தது.

“நாந்தான் எம்புள்ளைய வயலுக்குக் கூட்டிட்டுப் போயிக் கொன்னுட்டேன்” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். “விடுங்க மாமா, விதி” என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து தேற்றியிருக்கிறேன். நேற்று நீங்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டதைப் பார்த்தபிறகு மனசு கேட்கவில்லை.

வயலுக்கு அவளை அனுப்பியது நீங்கள் இல்லை, நான். அவள் என் உயிர், மாமா. இதோ சொல்லிவிட்டேன், இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.