ஓம் என்றால் ஹோம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்குக் கண்டியிலிருந்து கம்பளைக்குப் புறப்பட்ட பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் இருவர் இருந்தார்கள். ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், மற்றவர் நாவலப்பிட்டிக்காரர், வயதில் இளையவர்.

“கார் எங்க சார்?”

“வீட்டில நிக்குது. அதுக்குள்ள இருந்து வாய் திறக்க ஏலாது.”

நான் பத்திரிகையை மடித்து வைத்தேன்.

“ஞாயிற்றுக்கிழமை கார் புளூடூத்துக்கு அப்டேட் போட்டனான். இப்ப நான் ‘ஓம்’ எண்டால் அதுக்கு ‘ஹோம்’ எண்டு கேக்குது. உடன வீட்டுக்குக் கோல் எடுக்குது.”

“நல்லதுதானே சார்?”

“என்ன நல்லது? நேற்று கடை வாசல்ல நிப்பாட்டினன். கடைக்காரர் ஜன்னலால எட்டிப் பாத்து, ‘மட்டன் ரோல்ஸா சார்?’ எண்டார். ‘ஓம்’ எண்டன். ‘வழமைபோல நாலுதானே?’ எண்டு அவர் கேட்டது வீட்டில மனுசிக்கு வடிவாக் கேட்டிட்டுது. எனக்குச் சுகர் எண்டு உமக்குத் தெரியும்தானே.”

“பழைய மாதிரி மாத்த முடியாதா?”

“அடுத்த அப்டேட் வரும்வரைக்கும் பொறுக்கட்டாம்.”

“அதுவரைக்கும் எங்கள மாதிரி ‘ஆமா’ன்னு சொல்லுங்க.”

“ஆரிட்டப் பழகினது எண்டு அதுக்கு வேற வீட்டில விசாரணை வரும்.”

பேராதனையில் வடைக்காரர் ஏறினார். இளையவர் அவரைக் கை காட்டி நிறுத்தினார்.

“சூடா இருக்கு. உங்களுக்கும் வாங்கவா சார்?”

யாழ்ப்பாணத்துக்காரர் சட்டைப்பையிலிருந்த போனை உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டு, தலையை மட்டும் மேலும் கீழும் இரண்டு முறை ஆட்டினார்.