வெறுங்கை நடை

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாமலே இரண்டு லொறிக்குச் சொந்தக்காரன் ஆனவன் நான். அடுத்தவர் பேச்சுக்கு லேசில் காது கொடுக்கமாட்டேன். அன்று தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் டயகம பஸ்ஸில் கொடுத்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள், கிளினிக் போய்த் திரும்புகிறவர்கள். மூத்தவள்தான் ஆரம்பித்தாள்.

“வீட்டுல கேஸ் அடுப்ப வச்சுக்கிட்டு, விடியக்காலையில வெறகுக்கா போறே?”

“ஒடம்பு குறைய நடக்குறேன் அக்கா. வெறுங்கையோட மலை ஏறுனா எங்க போறேன்னு லயத்துல எல்லா வீட்டுலயும் கேக்குறாங்க. அதான் கையில வெறகுக் கயிறு.”

“கொழுந்து எடுத்தப்ப ஏறாத மலையாடி?”

“அப்ப ஏறுனேன். இப்ப துணிக்கடையில உக்காந்தே இருக்கேன், ரொட்டி மட்டும் அதே நாலு. ரத்தத்துல சீனி ஏறிருச்சு, முட்டியும் போச்சு. பட்டினி கெடந்து பாத்தேன், கடையிலேயே மயங்கி விழுந்தேன். கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி நல்லா ஏசிட்டாங்க. இப்ப ரெண்டு ரொட்டி, பருப்பு, கீரை, அதோட நடை.”

“மாமியா என்னா சொல்றாங்க?”

“வேலையத்தவதான் சும்மா நடப்பாளாம். சொல்லட்டுமே! முட்டி அவங்களுதா, என்னுதா? நாளையிலருந்து கயிறும் இல்ல. காலையில வேலைக்குப் பேரு குடுக்க எல்லாரும் நிக்கிற பெரட்டுக்களம் வழியாவே கைய வீசிக்கிட்டுப் போகப்போறேன்.”

மூத்தவள் மடியிலிருந்த கிளினிக் அட்டையைப் பைக்குள் செருகினாள்.

“எத்தனை மணிக்குடி? எனக்கும் சீனிதான்.”