மலைக் குளிரின் கன்றுகளைக் கடற்கரை மணலில் காய்க்க வைத்த ஷரிபுதீன் அவர்களுக்கு

எல்லாப் புகழும் படைத்தவனுக்கே. அவனது அருளால் முப்பத்திரண்டு ஆண்டு அரச சேவையை முடித்து, 1984 பங்குனியில் ஓய்வு பெற்றுச் செல்லும் எங்கள் பொறுப்பதிகாரி அல்ஹாஜ் ஷரிபுதீன் அவர்களுக்குக் கல்முனை அரச விவசாயத் தோட்ட ஊழியர்கள் அன்புடன் வாசித்தளிக்கும் மடல்.

கடலும் களப்பும் கைகோர்க்கும் கல்முனைக் கரையின் கண்ணியமே! நுவரெலியா மலைமுகட்டின் நடுக்கும் குளிரில் நாற்றுகளைப் பேணி, நம் கரையின் நண்பகல் வெயிலில் நற்கனி நல்கச் செய்த நாற்றுமேடை நாயகரே! சேறும் மணலும் சேர்ந்தே அறிந்த செம்மலே! ஒரே ஒரு முறை தவிர வேறெப்போதும் பொய் எழுதியறியாத புண்ணியரே!

விளிப்பை இத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவது அவர் வழக்கம். சென்ற ஆண்டு வந்த பெரிய அதிகாரி ஒருவர் பாராட்டத் தொடங்கியதும், தண்ணீர்ப் பம்பியைப் பார்க்க வேண்டுமென்று சொல்லிப் போனவர், அதிகாரியின் வாகனம் புறப்பட்ட பிறகுதான் திரும்பி வந்தார். ஆகவே இம்மடலில் அவரை 'அவர்' என்றே சொல்லப் போகிறோம். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் கதையைக் கேட்பதாக நினைத்து அவரும் அமைதியாக இருந்து கேட்கட்டும்.

சம்மாந்துறையில் பிறந்து, கல்முனையில் மணமுடித்து, வெயிலைத் தவிர வேறொன்றையும் அறியாமல் வளர்ந்த மனிதர் அவர். 1970இல் அவரை நுவரெலியாவுக்கு மேலே ஒரு நாற்றுமேடைக்கு மாற்றினார்கள். முதல் மாதம் இரண்டு சாரனும் மூன்று மேற்சட்டையும் அணிந்து நடமாடினாராம். விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு அந்த ஊர்த் தண்ணீரில் கைகால் கழுவி வுளூச் செய்வதை நினைத்தால் நித்திரையிலேயே நடுங்கும் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் ஒரு வக்துத் தொழுகையும் தவறவிட்டவரல்லர். துணைவியார் றாஹிலாவும் இரண்டு பெண் பிள்ளைகளும் கல்முனையில் இருந்தார்கள். ஆண்டுக்கு மூன்று தடவை, பதுளை, பிபிலை, அம்பாறை என்று பஸ் மாறி மாறி, கால் வீங்கி வந்து சேர்வார். வந்த களைப்புத் தீருமுன் திரும்பிப் போவார்.

மேலே அவர் வளர்த்தது ஸ்ட்ரோபெரிக் கன்றுகள். நம் கரையிலேயே அவற்றைப் பெருக்கினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெருக்கலாம். இலை விடும், கொடி விட்டு ஓடும், பூ மட்டும் எட்டிப் பார்க்காது. குளிர்ந்த இரவுகள் பலவற்றைக் கண்டால்தான் அதன் குருத்துக்குள்ளே பூ பிடிக்கும். தாய்ச்செடியை மலையில் வைத்து, அது விடும் ஓடுகொடியில் பிள்ளைக் கன்றை வேரூன்றச் செய்து, மார்கழிக் குளிர் போதுமான மட்டும் பட்ட பிறகு தோண்டி, இலை கழித்து, ஈரப்பாசியில் சுற்றிக் கீழே அனுப்ப வேண்டும். அப்படி இறங்கிய கன்று இரண்டு மாதத்தில் நம் மணலில் பூத்துக் காய்க்கும் என்பது அவர் எண்ணம். மேலிடத்தார் பலர் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

அவர் விடவில்லை. எழுதி எழுதி, கடைசியில் ஒரு பதில் வாங்கினார். கடற்கரையில் ஒரு முறை நட்டுப் பார்ப்பது. கன்றுகள் காய்த்தால் கல்முனையில் ஒரு நிரந்தரப் பதவி உருவாக்கி அதை அவருக்கே தருவது. காய்க்காவிட்டால் பேச்சு முடிந்தது. பத்து ஆண்டுப் பிரிவை முடித்துக்கொண்டு வீடு வந்து சேர அவருக்கு இருந்த வழி அது ஒன்றுதான். மூத்த மகள் சமைந்துவிட்டாள், இளையவள் வாப்பாவை விருந்தாளியாகப் பார்க்கிறாள் என்று றாஹிலா எழுதிய கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம்.

1979 மார்கழியில் இருநூறு கன்றுகள் பெட்டியில் எங்கள் தோட்டத்தில் வந்து இறங்கின. மேலே உறைபனிக் காலம். தாய்ச்செடிகளை இரவிரவாக மூடிக் காக்க வேண்டியிருந்ததால் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு கடிதம் மட்டும் இருந்தது. நடும்போது குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும், அதை மறக்கவே கூடாது என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.

இனிச் சொல்லப் போவது எங்களைப் பற்றியது. அப்போது தோட்டத்தில் தற்காலிகமாக வேலை செய்தவர்கள் நாங்கள் நால்வர். வரிப்பத்தான்சேனைக் கச்சிமுகம்மது, முப்பது வருடம் கத்தரியும் மிளகாயும் நட்ட கைக்காரர். முருகேசு, கடலுக்குப் போகும் குடும்பத்தில் தரையில் கால் ஊன்றிய ஒரே ஆள். தண்ணீர் ஊற்றும் புண்ணியமூர்த்தி. களஞ்சியத்தையும் கடிதங்களையும் பார்த்துக்கொண்ட ஸைனுலாப்தீன். கடிதத்தை நால்வரும் வாசித்தோம்.

"காக்கா குளிருக்குள்ள இருந்து நம்மட மணல மறந்திற்றார். இந்தக் காத்துக்கு மேலால நட்டா நாளைக்கே சாஞ்சி கிடக்கும்" என்றார் கச்சிமுகம்மது. அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்றே அழைப்போம்.

"ஓம், கத்தரிய நாம அப்பிடியா நடுற?" என்றார் முருகேசு.

கத்தரியை நாம் அப்படி நடுவதில்லைதான். இந்த மணலில் எதை நட்டாலும் குழி தோண்டிக் கழுத்தளவு இறக்கி நடுவதே நம் வழக்கம். கடற்காற்றுக்குச் சாயாது, வேர் ஈரத்தை எட்டும். பாவம், இலை கழித்த கன்று, சூடும் காற்றும் படாமல் இருக்கட்டும் என்று குருத்தோடு சேர்த்து மூடி, மேலே ஒரு வாளி தண்ணீரும் ஊற்றினோம். கெடுக்க நினைத்துச் செய்ததல்ல. அவர் வீட்டுக்கு வரவேண்டும் என்ற ஆசையில், நமக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் அந்தக் கன்றுகளுக்குச் செய்தோம். பிறகு ஸைனுலாப்தீன் உட்கார்ந்து, தாங்கள் அறிவுறுத்தியபடியே நட்டுவிட்டோம் என்று பதில் எழுதினார். அந்தக் கடிதத்தை எழுதிய அதே கைதான் இந்த மடலையும் எழுதுகிறது.

தைமாதம் மூன்றாம் வாரம் லீவு கிடைத்து அவர் ஓடி வந்தார். வீட்டுக்குக் கூடப் போகாமல் பையுடன் தோட்டத்துக்கு வந்தார். இருநூறில் ஒன்றும் மிஞ்சவில்லை. குந்தியிருந்து ஒரு கன்றைப் பிடித்து இழுத்தார். குருத்து அழுகிக் கையோடு வந்தது. நான்கு விரற்கடை ஆழத்தில் அது கிடந்ததை அவரும் பார்த்தார், அவர் பார்த்ததை நாங்களும் பார்த்தோம்.

"மண்ணுக்குள்ள மூச்சு முட்டிப் போச்சு" என்றார். அவ்வளவுதான். மண்ணைத் தட்டிவிட்டு எழுந்து, "தேத்தண்ணி இரிக்கா?" என்று கேட்டார். புண்ணியமூர்த்தி தேநீர் ஊற்றப் போனார்.

கல்முனைப் பதவி வரவில்லை. அவர் மீண்டும் மலையேறினார். கன்றுகள் காய்க்காததுதான் காரணம் என்று தெரிந்தும், மேலிடத்தார் மனம் மாறிவிட்டார்கள் போலும் என்று நாங்கள் எங்களுக்குள்ளே பேசிக்கொண்டோம். ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை; விசாரித்தால் என்ன பதில் வரும் என்ற பயம் எங்களுக்கு இருந்தது. அந்த வருடம் பங்குனியில் எங்கள் நால்வருக்கும் நிரந்தர நியமனம் கிடைத்தது. அதை அவருக்கு எழுதினோம். வாழ்த்தி அவர் எழுதிய பதிலைத் தோட்டம் முழுக்கக் காட்டித் திரிந்தோம்.

மேலும் இரண்டு மார்கழி போயிற்று. மூன்றாவது மார்கழியில், 1982இல், யாரும் கேட்காமல், தன் சொந்த லீவில், மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அறுபது கன்று. இந்த முறை எங்களை நடவிட்டு, தான் ஒவ்வொன்றின் முன்னும் குந்தி, விரலை வைத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல ஒரு மணல் கூட ஏறப்படாது, கச்சிமுகம்மது. கத்தரிக்குப் போர்வ வேணும். இது குளிர் ஊருப் புள்ள, இதுக்குக் காத்து வேணும்."

வைக்கோல் பரப்பினோம், தென்னோலைக் கிடுகு கட்டிக் கடற்காற்றை மறித்தோம். மாசி நடுவில் வெள்ளைப் பூ வந்தது. பங்குனியில் பழம். கல்முனை மண்ணில் விளைந்த முதல் ஸ்ட்ரோபெரியை அவர் ஒரு கிண்ணத்தில் வைத்து வீட்டுக்குக் கொண்டு போனார். றாஹிலா ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இந்தப் புளிக்கா இவ்வளவு பாடு?" என்று கேட்டாராம். அதை அவரே எங்களிடம் வந்து சொல்லிச் சிரித்தார். மேலிடத்தாருக்கு அது இனித்தது போலும். சித்திரையில் கல்முனைப் பதவிக்கு அவர் பெயர் வந்தது. எங்களோடு இருந்தது ஒரேயொரு வருடம். அந்த ஒரு வருடத்தில் இந்தத் தோட்டம் கண்ட மகிழ்ச்சியை எழுத இத்தாள் போதாது.

சென்ற மாதம், அவரது ஓய்வூதியக் கோவையின் தாள்களை ஒழுங்கு செய்த எழுதுவினைஞர் சுபைறா, ஒரு பழைய தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண் கலங்கி நின்றார். 1980 தையில் அவர் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையின் பிரதி அது. "உரிய குளிர் படுமுன்னர் கன்றுகளைத் தோண்டியது எனது பிழை. கடற்கரை ஊழியர் நால்வரும் நான் சொன்னபடியே நட்டனர், அவர்களிடம் குறையேதும் இல்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். இதுதான் அந்த ஒரே ஒரு பொய். கன்று எப்போது தோண்ட வேண்டும் என்பதை இந்த நாட்டில் அவரளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. அதிலேயே தான் பிழை செய்ததாக எழுதியிருந்தார்.

கச்சிமுகம்மது தாளை எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போய்க் கேட்டார்: "காக்கா, இத ஏன் எழுதின நீங்க?"

"எழுத்து கோணிக் கிடக்கு, பாருங்க. கை விறைக்கிற குளிர்" என்று அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். கச்சிமுகம்மது நகரவில்லை. பிறகுதான் அவர் சொன்னார்: "அப்ப உங்கட நாலு பேர்ர பேரும் நியமனப் பட்டியல்ல கிடந்திச்சு. உண்மைய எழுதினா நீங்க வீட்ட போயிரிப்பீங்க. என்னய வீட்ட அனுப்பேலாது. மலைக்குத்தான் அனுப்பலாம். மலை எனக்குப் பழக்கம்."

"றாஹிலா தாத்தாவுக்குத் தெரியுமா?"

"அவகிட்டக் கேட்டுத்தான் எழுதின."

அன்று மாலை நால்வரும் அவர் வீட்டுக்குப் போனோம். றாஹிலா அவர்கள் எங்களுக்கு அண்ணி முறை, அக்கா முறை, முஸ்லிம் வழக்கில் அக்காவுக்குச் சொல்லும் தாத்தா முறை. அவரவர் வழக்கப்படி அழைப்போம். அன்றைக்கு எப்படி அழைப்பதென்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவரே பேசினார்: "அவர் கேட்டார். நாலு அடுப்ப அணைச்சிப்போட்டு நீங்க இஞ்ச வந்து என்ன செய்யப் போறீங்க எண்டன். அதுக்கு மேல நாங்க அதக் கதைக்கல்ல."

எங்கள் நியமனம் வந்த அன்று தோட்டத்தில் விருந்து வைத்தோம். அந்த விருந்துக்கு ஒரு பெரிய சட்டி நிறைய இனிப்பு வட்டிலப்பம் அவித்து அனுப்பியவர் றாஹிலா அவர்கள்தான். அவருடைய கணவர் வராமல் போனதற்குக் காரணமான நால்வரும் அதைச் சட்டியை வழித்துத் தின்றோம்.

ஷரிபுதீன் காக்கா, உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்திருக்கிறோம். நடந்ததை நடந்தபடி எழுதி, நால்வரும் கையொப்பமிட்டு, கடந்த திங்கட்கிழமை மேலிடத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அதன் பிரதி உங்கள் கோவையில், உங்கள் அறிக்கைக்கு மேலே கோக்கப்பட்டிருக்கிறது. எங்களை என்ன செய்வார்களோ தெரியாது; செய்வதைச் செய்யட்டும். உங்கள் பெயரில் ஒரு பிழை இருக்க நீங்கள் ஓய்வு பெறுவதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் இருவருக்கும் இறைவன் நோயற்ற நீண்ட வாழ்வையும், பிள்ளைகளின் பிள்ளைகளோடு நிறைந்த வீட்டையும், இனி ஒரு நாளும் பிரியாத நாட்களையும் அருள்வானாக. றாஹிலா அவர்களே, அந்த மூன்று வருடங்களை எங்களால் திருப்பித் தர முடியாது. எங்களை மன்னியுங்கள்.

கல்முனை,
1984 பங்குனி.

இங்ஙனம்,
கன்றுகளைத் தாழ நட்ட
கச்சிமுகம்மது,
முருகேசு,
அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றிய
புண்ணியமூர்த்தி,
சொன்னபடி நட்டோம் என்று எழுதிய
ஸைனுலாப்தீன்,
மற்றும் தோட்ட ஊழியர் அனைவரும்.