இஞ்ஞாசி இறால்

எனக்கு இறால் ஆகாது. ஒரு துண்டு வாயில் வைத்தாலும் உதடு தடித்துவிடும். தின்னும் ஆசையில் இறங்கிய வேலை இல்லை இது என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா.

பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் சயன்ஸ் நடத்தினேன். உலகச் சண்டை முடிந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு, திரேஸ்புரத்துக்கு வடக்கே கைவிட்டுக் கிடந்த உப்பளம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து நான்கு சிமெண்டுத் தொட்டி கட்டினேன். கடல்புல்லுக்குள் கிடக்குமே, உடம்புக்குள் குடல் தெரிகிற சின்ன இறால், அதை முட்டையிலிருந்து முட்டைவரை தொட்டிக்குள்ளேயே வளர்த்துக் காட்ட வேண்டும். இந்தக் கரையில் யாரும் செய்யாதது. "கூனிப்பொடி வளக்கதுக்கு ஒரு வாத்தியாரா" என்று சிரித்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை.

தாய் இறால் பிடித்துத் தர இஞ்ஞாசியை வைத்துக்கொண்டேன். சங்கு குளிக்கிறவன். முத்துக்குளிப்பு நின்று இருபது வருஷம் ஆகிறது. சங்கும் வருஷம் முழுக்கக் கிடையாது. அவனுக்கு எழுத்து வாசிப்பு தெரியாது. ஆனால் வயிற்றுக்கடியில் முட்டை ஒட்டிய இறாலை, இடுப்பளவுத் தண்ணீரில் புல்லைத் தடவியே எடுத்துவிடுவான். நல்ல மனுஷன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

முட்டைகள் பொரித்தன. பொரித்த நான்காம் நாள் அத்தனை குஞ்சும் செத்து, தொட்டியின் அடியில் மாவு படிந்த மாதிரி கிடக்கும். வெயில் என்று நினைத்துக் கூரை போட்டேன். தீனி என்று நினைத்து, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து ஊற்றினேன். கிருமிக்கு நான் இடமே வைக்கவில்லை. முதல் நாளிலிருந்தே கடல் தண்ணீரைச் செப்பு அண்டாவில் இரண்டு நாள் வைத்திருந்துதான் தொட்டியில் விட்டேன். செம்பில் கிருமி தங்காது என்பது நான் பிள்ளைகளுக்கு நடத்திய பாடம். ஏழு ஈடு பொரித்தது. ஏழும் நான்காம் நாள் செத்தது. விளாத்திகுளத்துக்குப் பிறந்த வீடு போன என் மனைவி திரும்பி வரவில்லை என்பதை ஏழாவது ஈடு செத்த பிறகுதான் கவனித்தேன்.

ஐந்தாவது ஈட்டின்போதே இஞ்ஞாசி சொன்னான். "சார்வாள், அண்டாத் தண்ணி இதுகளுக்கு ஆவல போல. செம்பு வாடை அடிக்கி. மண்பானையில வச்சுப் பாப்பமா?"

"நீ புல்லைத் தடவு. படிச்சவன் யோசிக்கட்டும்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை.

ஏழாவது ஈடு செத்து ஒரு வாரம் இருக்கும். என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனான். கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு பெரிய மண்பானை. உள்ளே கடல்புல் கிடந்தது. குனிந்து பார்த்தேன். குஞ்சுகள் மிதக்கவில்லை, புல்மேல் நடந்தன. நடக்க ஆரம்பித்துவிட்டால் அது பிழைத்த இறால். இருநூறு குஞ்சாவது இருக்கும்.

"எத்தனை நாள் ஆச்சு?"

"இருவத்தாறு, சார்வாள். கெட்டுப்போனா ஏசுவீகன்னு சொல்லல." சிரித்தான். "திங்கக்கிழம மெட்ராஸ்லருந்து மீன் ஆபீசர் வாராருல்லா? நீங்க வளத்ததாவே காட்டுங்க. நான் தண்ணிதான ஊத்தினேன். எனக்கு எதுக்குப் பேரு?"

பங்கு கேட்டிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். அவன் சும்மா கொடுத்தான். இரண்டு வருஷமாக நான் தேடியதை, பிள்ளைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டுச் சிரித்தான். அதை வாங்கிக்கொண்டு தினமும் அந்த முகத்தில் எப்படி விழிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

சனிக்கிழமை, உச்சிப்பொழுது, கடல் ஏறியிருந்த நேரம். தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாய் கரைக்கு அடியில் போகிறது. வெளிவாய் கடலுக்குள் இருக்கிறது. உள்வாயை ஒரு மரப்பலகை அடைத்திருக்கும். வெளிவாயில் பாசி அடைத்துக்கொண்டது என்று அவனிடம் சொன்னேன். அடைக்கவில்லை.

"பலகையத் தூக்கிராதீக, ஆள உள்ள இழுத்துரும்" என்று சொல்லிவிட்டு மூழ்கினான். எப்போதும் சொல்வதுதான். ஐம்பது எண்ணிவிட்டுப் பலகையைத் தூக்கினேன்.

தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது, பிறகு பாதியாகக் குறைந்தது. அவன் தோள் குழாய்வாயை அடைத்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். உள்ளிருந்து தட்டினான். சிமெண்டு வழியாக என் உள்ளங்காலுக்கு அது வந்தது. முப்பத்தொரு தட்டு, கடைசி நாலைந்து சரியாகக் கேட்கவில்லை. நின்ற பிறகும் கொஞ்சம் பொறுத்துப் பலகையை இறக்கினேன். அதற்குப் பிறகுதான் ஆள் கூப்பிட ஓடினேன்.

பாசியில் சிக்கிக்கொண்டான் போல என்றேன். குளியாள் தண்ணீரில் சாவது இந்தக் கரையில் புதிதில்லை. நீங்களும் விபத்து என்றுதான் எழுதினீர்கள். அவன் பெண்சாதி பிலோமினாள் மட்டும், "எம்புட்டு நேரம்னாலும் மூச்சடக்குற ஆளாச்சே சார்வாள்" என்று ஒரு தடவை கேட்டாள்.

திங்கட்கிழமை அதிகாரி வந்தார். மண்பானையைக் காட்டினேன். பாராட்டி, என் பெயரை எழுதிக்கொண்டார். அண்டாவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இப்போது நான்கு தொட்டியிலும் இறால் இருக்கிறது. தொட்டியில் பிறந்ததே முட்டை கட்டிவிட்டது. நான் நினைத்தது நடந்துவிட்டது.

ஆனால் அந்தப் பானை தன் வீட்டுப் பானை என்று பிலோமினாள் கரையெல்லாம் சொல்லிவிட்டாள். தூண்டிலுக்கு இரை கேட்டு வருகிறவன்கூட, "இஞ்ஞாசி இறால் இருக்கா, சார்வாள்?" என்கிறான். போன வாரம் அதிகாரியின் கடிதத்திலும் அந்தப் பெயர்தான் இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே நடந்து வந்தேன்.

அவனைக் கொன்றது நான். தெரிந்தே பலகையைத் தூக்கினேன். அதில் ஒரு வார்த்தையும் மாற்ற வேண்டாம். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுதுங்கள்: செம்பின்மேல் எனக்கும் சந்தேகம் இருந்தது. எட்டாவது ஈட்டுக்கு மண்பானை வாங்கத்தான் இருந்தேன். அவன் ஒரு மாதம் பொறுத்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.